தயிரும் பழமும் ஃப்ரீசரில் ஏன் கல்லாகிறது?

மார்ச் 2, மாலை 6.15 (கேள்வி)

அரை கிலோ தயிர். அதில் ஸ்ட்ராபெர்ரியும் மாம்பழமும் நறுக்கிப் போட்டு, நான்கு ஸ்பூன் சர்க்கரை கலந்து, டப்பாவில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் கத்தி இறங்கவில்லை. ஸ்பூன் வளைந்துவிட்டது. பழத்தைக் கடித்தால் கூழாங்கல். குழந்தைகள் ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். கடையில் வாங்குவது மட்டும் எப்படி மெத்தென்று இருக்கிறது? ஐஸ்கிரீம் மெஷின் இல்லாமல் வீட்டில் இது நடக்குமா, நடக்காதா?

மார்ச் 2, இரவு 9.50

நடக்கும். முதலில் அந்த டப்பாவை விடுங்கள்.

நானும் டப்பாவில்தான் ஆரம்பித்தேன். முதல் தடவை கத்தி, இரண்டாம் தடவை சுத்தியல். டப்பா உடைந்தது, தயிர் உடையவில்லை.

சாதாரணத் தயிரில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். கணக்காகப் பார்த்தால் நீங்கள் ஃப்ரீசரில் வைத்தது, கொஞ்சம் புரதமும் கொழுப்பும் மிதக்கிற அரை லிட்டர் தண்ணீர். அது மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் சாவகாசமாக வளர்ந்து பெரிதாகின்றன. சீக்கிரம் உறைந்தால் ஒரே நேரத்தில் எண்ணிக்கையில்லாத சின்னப் படிகங்கள் பிறந்து, ஒன்றுக்கும் வளர இடமில்லாமல் போகிறது. சின்னது நாக்குக்குத் தெரியாது. பெரியது நறநறக்கும். உங்கள் டப்பாவின் நடுப்பகுதி உறைய ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டிருக்கும். அத்தனை நேரமும் படிகங்களுக்குத் தீபாவளிதான்.

அதனால் தட்டு. அலுமினியமோ எவர்சில்வரோ, விளிம்பு உள்ள அகலத் தட்டு. மேலே பட்டர் பேப்பர். அதன்மேல் தயிரை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, பழத்தைத் தூவி, ஃப்ரீசரில் மட்டமாக வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கையால் ஒடிக்கலாம். பலகை பலகையாக உடையும். ஸ்பூனே வேண்டாம்.

மார்ச் 2, இரவு 10.05

பட்டர் பேப்பர் போடாமல் ஊற்றிவிட்டு நாளைக்கு வந்து என்னைத் திட்டாதீர்கள். தயிர் தட்டோடு ஒட்டினால் தட்டையும் சேர்த்துத்தான் நக்க வேண்டும்.

மார்ச் 3, காலை 7.30

அளவு கேட்டிருந்தார்கள். நான் செய்வது இப்படி.

ஒரு கிலோ கெட்டித் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டிமேல் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள் ஐந்தாறு மணி நேரம் விடுவேன். வெளியே விட்டால் புளித்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் இறங்கி, மேலே ஏறத்தாழ அரை கிலோ வெண்ணெய் மாதிரி நிற்கும். தண்ணீரிலேயே பாதியை இப்படி முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், பனியாவதற்கு மிச்சம் குறைவு. இந்த அரை கிலோவுக்குச் சர்க்கரையோ தேனோ 60 கிராம். எதுவானாலும் ஒன்றுதான். ஒரு சிட்டிகை உப்பு. நன்றாக அடித்துப் பரப்ப வேண்டியதுதான்.

முழுக் கொழுப்புத் தயிரையே எடுங்கள். கொழுப்பு நீக்கியதில் செய்தால் ருசி இருக்கும், வழவழப்பு இருக்காது. கொழுப்புத் துளிகள் படிகங்களுக்கு நடுவில் புகுந்து அவற்றைச் சேரவிடாமல் தடுக்கின்றன. உடம்பைக் குறைக்க நினைத்தால் ஒரு துண்டு குறைவாகத் தின்னுங்கள், கொழுப்பில் கை வைக்காதீர்கள்.

வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அப்புறம் சொல்கிறேன்.

மார்ச் 3, மதியம் 1.10

பழம் ஏன் கூழாங்கல் ஆனது என்பதற்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

ஸ்ட்ராபெர்ரியில் 91 சதவீதம் தண்ணீர், தர்பூசணியிலும் அதே அளவு. மாம்பழத்தில் 83 பக்கம், திராட்சையில் 81, வாழைப்பழத்தில் 75. இந்த வரிசைதான் ஃப்ரீசரில் எது எவ்வளவு கல்லாகும் என்பதற்கும் சுமாரான வரிசை. முழு ஸ்ட்ராபெர்ரி கல். வாழைப்பழ வில்லையைக் கடித்துவிடலாம். காய்ந்த திராட்சையில் இருப்பது 15 சதவீதம்தான், அதுவும் சர்க்கரையோடு கெட்டியாகப் பிணைந்து கிடக்கிறது. அதனால் ஃப்ரீசரிலும் மிட்டாய் மாதிரி மெல்லலாம்.

வழி இரண்டு. ஒன்று, பொடியாக நறுக்குவது. பட்டாணி அளவைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, பழத்தின் தண்ணீரையும் முன்கூட்டியே வெளியேற்றுவது. நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி 300 கிராமுக்கு 40 கிராம் சர்க்கரை தூவி அரை மணி வைத்தால் சாறு விட்டு மிதக்கும். அதை அப்படியே அடி கனமான பாத்திரத்தில் ஏற்றிப் பாதியாகச் சுண்டும்வரை கிளறி, ஆற வைத்துத் தயிரில் கோடு கோடாக இழுத்துவிட்டால் உறைந்த பின்னும் ஜாம் மாதிரி இழுபடும். நிறமும் அள்ளும். பச்சைப் பழ வாசனை கொஞ்சம் போய்விடும் என்பது உண்மை. எனக்கு அது பரவாயில்லை, வீட்டில் ஒருவருக்குப் பரவாயில்லை இல்லை.

மார்ச் 3, இரவு 11.20

சாறைச் சூடாகவே தயிரில் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: ஊற்றலாம், தயிர் திரிந்து திப்பி திப்பியாகும், நீங்களும் இங்கே வந்து எழுதலாம்.

மார்ச் 5, காலை 6.45

திருத்தம். மூன்றாம் தேதிக் காலையில் "சர்க்கரையோ தேனோ எதுவானாலும் ஒன்றுதான்" என்று எழுதினேன். தப்பு. நேற்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரைத் தட்டு "டக்"கென்று ஒடிந்தது. தேன் தட்டு வளைந்து, பிறகு மனசில்லாமல் பிய்ந்தது.

காரணம் இது. தண்ணீரில் எது கரைந்தாலும் உறைநிலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது எடையைப் பொறுத்தது அல்ல, கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கரைத்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். அதே 1.86 டிகிரிக்கு குளுக்கோஸோ ஃப்ரக்டோஸோ 180 கிராம் போதும், அதன் மூலக்கூறு கிட்டத்தட்டப் பாதி எடை. தேன் என்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான், ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கழித்துப் பார்த்தாலும் 60 கிராம் தேன், 60 கிராம் சர்க்கரையைவிட ஒன்றரை மடங்கு வேலை செய்கிறது.

ஒன்றிரண்டு டிகிரியால் என்ன ஆகிவிடும், ஃப்ரீசரில் மைனஸ் 18 இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆகும். தண்ணீர் உறையும்போது சுத்தமான பனியாகப் பிரிந்துபோகிறது, சர்க்கரை மிச்சத் தண்ணீரிலேயே தங்குகிறது. மிச்சம் குறையக் குறைய அது பாகாகிக்கொண்டே போகிறது, பாகு உறைய இன்னும் குளிர் வேண்டும். மைனஸ் 18 வந்தாலும் கொஞ்சம் பாகு உறையாமல் படிகங்களுக்கு நடுவில் எண்ணெய் போலக் கிடக்கும். நாம் மெத்தென்று சொல்வது அந்தப் பாகைத்தான். சர்க்கரையே போடாத தயிரில் அது ஏறக்குறைய இல்லை. தேன் போட்டதில் தாராளமாக இருக்கிறது.

ஒடிய வேண்டுமென்றால் சர்க்கரை. கடித்து இழுக்க வேண்டுமென்றால் தேன். நான் இப்போது 40 சர்க்கரை, 20 தேன்.

மார்ச் 5, காலை 8.00

தேன் என்றதும் ஒன்று விட்டுப்போனது, இது விளையாட்டல்ல. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் போட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை ஒன்றும் செய்வதில்லை, கைக்குழந்தை குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். உறைய வைத்தால் வித்து சாகாது.

திராட்சையும் அப்படித்தான். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழுத் திராட்சை, அதிலும் உறைந்த திராட்சை, தொண்டையில் அடைக்க அச்செடுத்த அளவு. நீளவாக்கில் நான்காக வகுந்து போடுங்கள்.

மார்ச் 6, மாலை 5.30

கிவி போட்டுக் கசந்தது என்று எழுதியவருக்கு என் ஆழ்ந்த அனுதாபம். தயிர் கெட்டுப்போகவில்லை. நானும் அதே சந்தேகத்தில் ஒரு தட்டு முழுவதையும் குப்பையில் தட்டியிருக்கிறேன்.

பச்சைக் கிவியில் ஆக்டினிடின் என்று ஒரு நொதி இருக்கிறது. அது பால் புரதத்தைத் துண்டு துண்டாக அறுக்கும். அந்தத் துண்டுகளில் சில கசக்கும். அன்னாசியில் ப்ரோமெலைன், பப்பாளியில் பப்பைன், அத்தியில் ஃபிசின், எல்லாம் ஒரே குடும்பத்துச் சேட்டை. கலந்த கையோடு உறைய வைத்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் குளிரில் நொதி தூங்குகிறது. சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். தட்டு கொஞ்சம் இளகியதும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். டப்பா அன்னாசி ஏற்கெனவே சூடு பார்த்தது, அப்படியே போடலாம். பச்சையாகத்தான் வேண்டுமென்றால் தயிரில் கலக்காமல், சாப்பிடும்போது மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6, மாலை 5.42

அன்னாசி வெறுமனே தின்றாலே நாக்கு அரிக்கிறதே, அதுவும் இதனாலா என்றால், அதில் இந்த நொதிக்கும் பங்கு உண்டு. நீங்கள் அன்னாசியைச் செரிக்கும் முன் அது உங்களைக் கொஞ்சம் செரித்துப் பார்க்கிறது.

மார்ச் 8, இரவு 10.15

பால் பவுடர் போட்டால் கெட்டியாகும் என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். போட்டுப் பார்த்தேன், அரை கிலோவுக்கு 80 கிராம். முதல் நாள் அருமை. பல்லுக்குப் பதமாக, கடை மாதிரியே. "வடிகட்டுகிற வேலையே வேண்டாமே" என்று இங்கே எழுத வந்தேன், தூக்கம் வந்ததால் எழுதவில்லை. நல்லதாய்ப் போயிற்று. நாலாவது நாள் எடுத்துக் கடித்தால் வாயெல்லாம் மணல்.

பனி இல்லை, பனியாக இருந்தால் நாக்கில் கரைந்துவிடும். இது கரையவில்லை. கொழுப்பில்லாத பால் பவுடரில் பாதி லாக்டோஸ். அந்தப் பால் சர்க்கரை சாதாரணச் சர்க்கரை மாதிரி சுலபமாகக் கரையாது. ஃப்ரீசரில் மிச்சப் பாகு கெட்டியாகும்போது இடம் போதாமல் படிகமாக வெளியே வந்துவிடுகிறது. ஐஸ்கிரீம் செய்பவர்களுக்கு இந்த மணல் பழைய தலைவலி.

ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் போடலாம். 80 கிராம் என் பேராசை.

மார்ச் 9, காலை 9.05

இனிப்பு சரியாக இருந்தது, உறைந்ததும் காணாமல் போனது என்ற புகாருக்கு. காணாமல் போகவில்லை. நாக்கில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற வாசல் ஒன்று இருக்கிறது, அது சூட்டில் சுறுசுறுப்பாகவும் குளிரில் மந்தமாகவும் இருக்கும். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திகட்டும். ஆகவே கலவையை ருசி பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமோ" என்று முகம் சுளிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். புளிப்பு அந்த அளவுக்கு மங்குவதில்லை. ஏற்கெனவே புளித்த தயிரில் செய்தால் இனிப்பு பின்வாங்கி, புளிப்பு மட்டும் பல்லைக் கூச வைக்கும். வெனிலாவும் எலுமிச்சைத் தோல் துருவலும் இந்த இடத்தில் கை கொடுக்கும். இரண்டுமே வாசனைதான், வாயில் உருகும்போது மூக்குக்குப் போகும்.

மார்ச் 10, மதியம் 2.20

வாழைப்பழத்தை உறைய வைத்து மிக்ஸியில் அடித்தாலே ஐஸ்கிரீம் மாதிரி வருமே, தயிர் எதற்கு என்று ஒருவர். வரும். தண்ணீர் குறைவு, சர்க்கரையும் நாரும் பெக்டினும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நன்றாகப் பழுத்து, தோலில் கரும்புள்ளி விழுந்ததை வில்லையாக நறுக்கி உறைய வைக்க வேண்டும். எனக்கு என்ன குறை என்றால், அது என்ன செய்தாலும் வாழைப்பழம் மாதிரியேதான் இருக்கிறது. இரண்டு பங்கு வாழைக்கு ஒரு பங்கு வடித்த தயிர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு என்று அடித்துப் பாருங்கள். சாறு கறுக்காமலும் காக்கும். அடித்த உடனே சாப்பிட வேண்டிய பொருள் இது. திரும்ப உறைய வைத்தால் பழைய கதை.

மார்ச் 10, இரவு 9.40

மிக்ஸி புகைந்ததா? உறைந்த வில்லையை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள், விட்டு விட்டு ஓட்டுங்கள். என் மிக்ஸியும் ஒரு தடவை கருகிய வாடை விட்டது. தயிரை முதலில் ஊற்றி, வில்லையைப் பிறகு போட்டால் பிளேடுக்கு நோகாது.

மார்ச் 13, மாலை 6.00

கொஞ்சம் தடம் மாறுகிறேன். ஃப்ரீசரே இல்லாமல் செய்யலாமா என்று ஒரு மாணவர், விடுதியில் ஐஸ் கட்டி மட்டும் கிடைக்குமாம்.

செய்யலாம், ஃப்ரீசர் வருவதற்கு முன் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஐஸோடு உப்பு சேர்த்தால் ஐஸ் உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றி இருப்பதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், அதனால் எல்லாம் சேர்ந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். நாலில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக உப்பு இருந்தால் மைனஸ் 21 வரை போக முடியும், அதுதான் எல்லை. 1843இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைச்சுற்று ஐஸ்கிரீம் வாளியும் இதே ஐஸ், உப்புக் கூட்டணியில்தான் ஓடியது.

உங்களுக்கு வாளி வேண்டாம். சின்ன ஜிப் பையில் ஒரு கப் இனிப்புத் தயிரும் அரைத்த பழமும். பெரிய பையில் மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு. சின்னதைப் பெரியதற்குள் வைத்து, துண்டில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் குலுக்குங்கள். துண்டு இல்லாமல் பிடித்தால் விரல் மரத்துவிடும், தோல் பாதிக்கிற குளிர் அது. சின்னப் பைக்கு இரண்டு பை போடுங்கள். நான் ஒன்று போட்டேன். ஓட்டை. உப்பு இறங்கி, பழம் போட்ட மோர் கிடைத்தது. குலுக்கிய களைப்பில் குடித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

மார்ச் 13, மாலை 6.25

குலுக்கியது மெத்தென்று வந்ததும்தான் உறைத்தது. நான் முதல் நாள் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குள் எழுதுகிறேன்.

மார்ச் 14, அதிகாலை 12.50

இன்றைக்குள் முடியவில்லை. சரி.

"கடையில் வாங்குவது மட்டும் எப்படி மெத்தென்று" என்று கேட்டீர்கள். நான் தண்ணீரையும் சர்க்கரையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். விட்டது காற்று. கடை மெஷினில் குளிர்ந்த உலோகச் சுவரில் மெல்லிய படலமாக உறையும் கலவையை ஒரு கத்தி சுரண்டிக்கொண்டே இருக்கும். படிகம் வளரும் முன்பே வெட்டுப்படும், கூடவே காற்று அடிபடும். வெளியே வரும் சாஃப்டி வகை மைனஸ் 6, 7 பக்கம்தான் இருக்கும், மைனஸ் 18 இல்லை. அதாவது நீங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்ததைக் கடையில் அப்போதே பிழிந்து கொடுத்ததோடு ஒப்பிடுகிறீர்கள். கடைக்காரரின் கோப்பையைக் கொண்டுவந்து உங்கள் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் அதுவும் இறுகிப்போகும், உங்களுடைய அளவுக்கு இல்லை என்றாலும்.

இந்தக் கடைச் சரக்கு ஒன்றும் ஆதிகாலத்தது அல்ல. 1970களில்தான் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஹூட் என்ற பால் நிறுவனம் ஃப்ரோகர்ட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அப்போது வந்த முணுமுணுப்பு, இது தயிர் மாதிரியே புளிக்கிறதே என்பது. தயிர் தயிர் மாதிரி இருக்கிறது என்று குறை. பிறகு இனிப்பு ஏறியது, புளிப்பு இறங்கியது, வியாபாரம் ஏறியது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: மெஷின் இல்லாமல் கடை மாதிரி வராது. அரை மணிக்கு ஒரு தடவை டப்பாவை எடுத்து முள்கரண்டியால் உடைத்துக் கிளறி, நாலைந்து முறை செய்தால் பக்கத்தில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மூன்றாவது கிளறலில் தூங்கிவிட்டேன், மீண்டும் சுத்தியல். தட்டில் வருவது வேறு பண்டம். அது மெத்தென்று இருக்க வேண்டியதே இல்லை, மொறுமொறு என்று ஒடிந்து வாயில் உருகினால் போதும். நடக்கும் என்று முதல் நாள் எழுதியபோது இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

டப்பாவில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்ற: சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழே ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் ஓரம் பாயசம், நடு கல்.

மார்ச் 16, காலை 7.15

உறைந்த தயிரில் நல்ல பாக்டீரியா உயிரோடு இருக்குமா? இருக்கும், எல்லாமும் இல்லை. தயிரை உறையவைக்கும் லாக்டோபேசிலஸ் பல்காரிகஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் உறையும்போது ஒரு பகுதி சாகும், மிச்சம் அசையாமல் கிடக்கும். நாள் ஆக ஆக எண்ணிக்கை குறையும். இதே நியாயம் கெட்ட கிருமிக்கும் பொருந்தும் என்பதுதான் முக்கியம். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லும் பெட்டி அல்ல. பழத்தைக் கழுவாமல் போட்டால் கழுவாத பழம்தான் உறையும். முழுதாக உருகி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்ததைத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள்.

(உறையவைக்கும் என்று தயிருக்கும் சொல்கிறோம், பனிக்கும் சொல்கிறோம். பாலை உறையவைத்துத் தயிராக்கி, தயிரை உறையவைத்துப் பனியாக்கி. இந்த இழையில் இனி எந்த உறைதல் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் கிடையாது.)

மார்ச் 19, இரவு 8.30

மூன்று வாரம் வைக்கலாமா? வைக்கலாம். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் மேல்பரப்பில் துளி உருகி மறுபடி உறைகிறது. சின்னப் படிகம் கரைந்து பெரியதோடு ஒட்டிக்கொள்ளும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் என்றால் அது தன் பங்குக்கு அவ்வப்போது சூடாகிக் குளிர்கிறது. போதாததற்குப் பக்கத்தில் இருக்கும் மீன் வாசனையைத் தயிர்க் கொழுப்பு ஆசையோடு இழுத்து வைத்துக்கொள்ளும். உடைத்த கையோடு காற்றை வெளியேற்றிப் பையில் கட்டி, கதவில் இல்லாமல் உள்ளே ஆழத்தில் வையுங்கள்.

மார்ச் 19, இரவு 8.50

வடித்த தண்ணீரை மறந்துவிட்டேன், ஞாபகப்படுத்தியவருக்கு நன்றி. ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, பழச்சாறு அடிக்கும்போது இரண்டு கட்டி போடுங்கள். சாதாரண ஐஸ் சாறை நீர்க்க வைக்கும், இது புளிப்பும் சேர்க்கும். மாவு பிசையவும் ஆகும்.

மார்ச் 22, மாலை 4.40

கனத்தைப் பற்றி மறுயோசனை. அரை சென்டிமீட்டர் என்று அடித்துச் சொன்னேன். அது ஒடிக்க அழகு, கையில் எடுத்து இரண்டாவது கடிக்குள் விரலெல்லாம் வழிகிறது. குழந்தை கையில் கொடுத்தால் சட்டை முழுக்க. 8 மில்லிமீட்டர் வைத்துப் பார்த்தேன், உறைய இன்னும் ஒரு மணி நேரம் கூட ஆகிறது, படிகம் கெடவில்லை, வழிவதும் குறைவு. ஒரு சென்டிமீட்டர் போனதும் முன்பல் மறுக்கிறது. ஆகவே 8. அளவுகோல் எடுத்துவந்து தயிரில் குத்திப் பார்த்த ஆள் நான் ஒருவன்தான் என்று வீட்டில் சிரிப்பு.

தட்டை முன்கூட்டியே பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து அதன்மேல் பரப்புங்கள், அதிலும் கொஞ்சம் வேகம் கிடைக்கிறது. வறுத்த பாதாமோ ஓட்ஸோ தூவினால் பழத்தின் ஈரத்தில் நமுத்துவிடும், உருக்கிய சாக்லேட்டில் புரட்டித் தூவினால் நமுக்காது.

மார்ச் 25, இரவு 9.10

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 8 மில்லிமீட்டர், தேன் பாதி, மேலே மாதுளை முத்து. நன்றாக ஒடிந்ததாம். குழந்தைகள் மாதுளை முத்துகளை மட்டும் பிடுங்கித் தின்றுவிட்டு, ஓட்டை விழுந்த தயிர்ப் பலகையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்களாம்.

அடுத்த தடவை பழத்தைச் சுண்ட வைத்துத் தயிருக்குள்ளேயே இழுத்துவிடுங்கள். பிடுங்க ஒன்றும் இருக்காது.